கத்தி, வாள், வாரி: குடாநாட்டில் பாதை திறந்த கருவிகளின் கதை

எங்கட வட்டத்தில மரபுநடை பற்றிக் கதைக்கத் தொடங்கினால், கதை எங்கெங்கோ சுற்றிவிட்டு கடைசியில ஒரு சின்னக் கேள்வியில வந்து நிற்கும். பத்தை மூடிக்கிடக்கிற பழைய ஒழுங்கைக்குள்ள போறதெண்டால் என்னத்தைக் கொண்டுபோறது? கத்தியா, வாளா, கோடாலியா? சங்கிலிவாள் ஒண்டு வாடகைக்கு எடுப்பம் எண்டு ஒருவர் சொல்லுவார். பெக்கோ ஒண்டைப் பிடிச்சால் ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சுது எண்டு இன்னொருவர் சொல்லுவார்.

இந்தக் கேள்விக்குக் கடைக்காரரும் தச்சரும் பதில் சொல்லலாம். வரலாறு படிக்கிற நாங்களும் ஒரு பதில் தேடிப் பார்த்தோம். குடாநாட்டிலயும் அதைச் சுற்றின நிலத்திலயும் பாதைகளை யார் திறந்தார்கள், எந்தக் கருவியால திறந்தார்கள், அந்தக் கருவியைத் தெரிவு செய்தது யார் எண்டு தேடிப்போனால், எங்கட வரலாற்றுப் புத்தகங்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஆக்கள் வந்து நிற்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

பத்தையும் கருவியும்

முதலில நிலத்தைப் பார்ப்பம். குடாநாட்டில பெருங்காடு இல்லை. எங்களிட்ட இருக்கிறது பத்தைக்காடு. சூரை, காரை, ஈச்சை, நாகதாளி, நாயுண்ணி, அவற்றுக்கு நடுவில தானாய் முளைச்ச வேம்பு, வேலியில நட்டு மரமாய்ப்போன பூவரசும் கிளுவையும், எங்கு பார்த்தாலும் வடலி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கருவியைக் கேட்கும்.

கொடிக்கும் பச்சைத் தண்டுக்கும் நுனி வளைஞ்ச காட்டுக்கத்தி போதும். அந்த வளைவு கொடியைக் கொளுவி இழுத்து வெட்டுறதுக்கு. முள்ளுப் பத்தைக்குள்ள கை விடமுடியாத இடத்தில கொக்கச்சத்தகம் வேலை செய்யும். நீளத் தடியின் நுனியில வளைஞ்ச கத்தியைக் கட்டின இந்தக் கருவியை ஆட்டுக்குக் குழை வெட்டுறதுக்குத்தான் ஊரில பாவிக்கிறார்கள். எட்ட நிண்டு வெட்டலாம் எண்டதுதான் அதின்ர பெறுமதி. இந்த "எட்ட நிற்கிற" விசயத்தை நினைவில வைச்சுக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கை மொத்தத்துக்கு மேற்பட்ட கிளைக்கு வாள் வேணும். தச்சரின் கைவாள் தள்ளும்போது வெட்டுது. கிளை அரிகிற வளைஞ்ச மடக்குவாள் இழுக்கும்போது வெட்டுது. தள்ளுற வாள் நெளியாமல் இருக்க அதின்ர தகடு தடிப்பாய் இருக்கவேணும். இழுக்கிற வாளின் தகடு இழுவையிலயே நேராய் நிற்கும், அதனால மெல்லிசாய், பாரமில்லாமல் செய்யலாம். தலைக்கு மேல இருக்கிற கிளையை அரியவும், குந்தியிருந்து அடித்தண்டை அரியவும் இழுவைதான் சுகம். பச்சை மரத்துக்குப் பல்லு பெரிசாயும் கொஞ்சம் விரிஞ்சும் இருக்கவேணும், இல்லாட்டி ஈரத்தூள் அடைச்சு வாள் இறுகிப்போகும்.

பனை இந்தக் கணக்குக்குள்ள அடங்காது. வடலி மட்டையின் இரண்டு விளிம்பிலயும் கருக்கு, அதுவே ஒரு வாள். வளர்ந்த பனையின் வெளிவட்டம் கறுத்த நார் நிறைஞ்ச வைரம், நடுவில மெதுவான சோத்தி. வைரப்பகுதியில வாள்ப்பல்லு கெதியில மழுங்கிப்போகும். அதனாலதான் எங்கட ஆக்கள் பனையைக் கோடாலியால தறிச்சு, ஆப்பு அடிச்சுப் பிளந்து, சீவி, வளையும் சலாகையுமாய் ஆக்கினார்கள். மரத்தின் உள்ளமைப்புத்தான் கருவியைத் தீர்மானிச்சது.

ஆனால் கருவி யாரின் கையில இருந்தது எண்டதை மரம் தீர்மானிக்கேல்லை. அதைச் சாதி தீர்மானிச்சது. கத்தியை அடிச்சவர் ஒருவர், பனையில ஏறினவர் ஒருவர், காணியைத் துப்புரவாக்கினவர் ஒருவர், காணி உறுதியில பெயர் இருந்தவர் வேறொருவர். "எங்கட முன்னோர் காடு வெட்டிக் களனியாக்கினார்கள்" எண்டு மேடையில சொல்லும்போது, கத்தி பிடிச்ச அந்தக் கை எவருடையது எண்டு கேட்கவேண்டி இருக்கு.

ஆறு நாள் உழைப்பு

ஆனையிறவைத் தாண்டித் தெற்கே போனால் வன்னி. அங்கே இருந்தது உண்மையான காடு. அந்தக் காட்டு விளிம்பைக் கடந்த ஒருவரின் கருவிப் பட்டியல் எங்களிட்ட இருக்கு. 1660 இல கண்டி அரசனிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1679 இல ஒரு தோழருடன் தப்பி, அருவி ஆற்றின் போக்கைப் பிடிச்சு நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல வந்த தன் நூலில, தாங்கள் கொண்டுபோனது கத்திகளும் சின்னக் கோடாலிகளும் எண்டு எழுதியிருக்கிறார். சந்தேகம் வராமல் கொண்டுபோகக் கூடியதாயும், தூரம் நடக்கிற உடம்பு தாங்கக் கூடியதாயும் இருக்கவேணும் எண்டதுதான் அந்தத் தெரிவின் காரணம். அவர்கள் காட்டை வெட்டித் திறக்க முயலேல்லை. ஆறு ஏற்கெனவே திறந்துவிட்ட வழியில நடந்தார்கள்.

காட்டை வெட்டித் திறக்கிற வேலை பிரித்தானியர் காலத்தில பெரிய அளவில வந்தது. 1832 இல இராசகாரியம் எண்ட கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது எண்டு பாடப்புத்தகத்தில படிச்சிருப்பீர்கள். பதினாறு வருசம் கழிச்சு, 1848 இல, வீதிக் கட்டளைச்சட்டம் வந்தது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருசத்துக்கு 6 நாள் வீதி வேலை செய்யவேணும், அல்லது அதுக்குப் பதிலாய்ப் பணம் கட்டவேணும். அதே வருசம் மாத்தளைப் பக்கம் வெடிச்ச கிளர்ச்சிக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

இந்தச் சட்டத்தின் நுட்பம் அந்த "அல்லது" எண்ட சொல்லுக்குள்ள இருக்கு. பணம் இருந்தவர் கட்டிவிட்டுத் தப்பினார். இல்லாதவர் மண்வெட்டியும் பிக்கானும் அலவாங்கும் பிடிச்சார். வட மாகாண நிருவாக வரலாற்றில பேர்சிவல் டைக்கின் பெயர் பெரிசாய் நிற்குது. 1829 இல அரசாங்க அதிபராய் வந்து, 1867 இல இறக்கும் வரைக்கும் வடக்கின் முகமாய் இருந்தவர் அவர். அவர் காலத்து வீதிகளில 6 நாள் வெட்டினவர்களின் பெயர்கள் எங்களுக்குக் கிடைக்கேல்லை.

பாதை சரியாய்த் திறக்கப்படாமல் இருந்தால் என்ன நடக்கும் எண்டதுக்கும் வடக்கிலயே சாட்சி இருக்கு. கோப்பிக் காலத்தில தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில இறங்கி, காட்டுவழியாய் மாத்தளை நோக்கி நடந்தார்கள். தண்ணி இல்லாமலும், காய்ச்சலாலும் கொலராவாலும், அந்த வழியில செத்தவர்கள் ஏராளம். அவர்களின் உழைப்பில வந்த பணத்தில மலையில றோட்டும் றெயிலும் போடப்பட்டது. அவர்கள் நடந்து வந்த வழிக்கு அந்தக் கவனிப்புக் கிடைக்கேல்லை. 2023 இல, மலையகத் தமிழரின் 200 வருசத்தை நினைவுகூர்ந்து, தலைமன்னாரில இருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. யாழ்ப்பாணத்தில இருந்து மரபுநடை பற்றிக் கதைக்கிற நாங்கள் அந்தப் பாதையையும் எங்கட பாதைக் கணக்கில சேர்க்கவேணும்.

மரம் பதுங்குகுழியான காலம்

1905 இல காங்கேசன்துறை வரைக்கும் முழுப் புகையிரதப் பாதை வந்தபிறகு, வன்னிக் காடு ஒரு இரவுப் பயணமாய்ச் சுருங்கிப்போனது. 1990 இல யாழ்தேவி நிண்டது. அதுக்குப் பிறகு நடந்தது பாதை திறக்கிற வரலாற்றின் எதிர்த்திசை. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பனைகள் தறிக்கப்பட்டு காவலரண்களுக்கும் பங்கர்களுக்கும் கூரையாயின. வளையும் சலாகையும் ஆக்கின அதே கோடாலி, அதே ஆப்பு, இப்ப வேறொரு வேலையைச் செய்தது.

தறிச்ச இடத்தில பத்தை வளர்ந்தது. ஆள் போகாத ஒழுங்கையில முதலில புல்லு, பிறகு நாயுண்ணி, பிறகு வடலி, பிறகு வேம்பு. பத்துப் பதினைஞ்சு வருசத்தில ஒழுங்கை இருந்த அடையாளமே இல்லாமல் போகும். முகமாலை, நாகர்கோவில், கிளாலி போன்ற முன்னரங்குப் பகுதிகளில அந்தப் பத்தைக்கு அடியில மிதிவெடிகள் கிடந்தன. 2000 ஏப்ரலில ஆனையிறவு இராணுவத்தின் கையைவிட்டுப் போனதில இருந்து 2009 வரைக்கும், முகமாலையைச் சுற்றின நிலம் இரண்டு படைகளுக்கும் இடையில கிடந்தது. இரு தரப்பும் அங்கே வெடி புதைச்சது.

இங்கதான் "பாதை துப்புரவாக்க எந்தக் கருவி" எண்ட கேள்வி எங்கட மண்ணில உயிர்க் கேள்வியாய் மாறினது.

வாரி

2002 பெப்ரவரியில போர்நிறுத்தம் வந்து, ஏப்ரலில ஏ9 திறந்தபோது, சனம் வீடு பார்க்கத் திரும்பினது. உலோகம் தேடுகிற கருவிகளுக்கு எங்கட நிலத்தில இரண்டு சிக்கல். ஒன்று, புதைச்ச வெடிகளில பல மிகக் குறைஞ்ச உலோகம் கொண்டவை. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4, சீனத் தயாரிப்பான ரைப்-72 இரண்டும் பிளாஸ்ரிக் உடம்பு. புலிகள் செய்த ஜொனி-95 மரப்பெட்டிக்குள்ள இருந்தது. மற்றது, சண்டை நடந்த நிலம் முழுக்க சன்னக்கோதும் குண்டுச் சிதறலும். கருவி ஒவ்வொரு சிதறலுக்கும் சத்தம் போடும்.

வன்னியில உள்ளூர் கண்ணிவெடி அகற்றும் அணிகள் எடுத்தது ஒரு தோட்டக் கருவியை. சருகு கூட்டி இழுக்கிற, பல்லு வைச்ச வாரி. அவர்களோட வேலை செய்த நோர்வே மக்கள் உதவி அமைப்பு அந்த முறையைச் சீராக்கி ஆவணப்படுத்தினது. இரண்டு வாரி. தடிச்ச பல்லு உள்ள பாரமான வாரி இறுகின மண்ணைக் கிளறும். பாரமில்லாத வாரி கிளறின மண்ணை மெதுவாய் இழுத்தெடுக்கும். இரண்டுக்கும் நீளமான பிடி. முன்னுக்கு ஒரு பள்ளம் எடுத்து, அங்கிருந்து மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமாய்ச் சுரண்டி இழுக்கிறபோது, வெடி பக்கவாட்டில தட்டுப்படும். மிதிவெடியை இயக்கிற அமுக்கம் மேலிருந்து வரவேணும். பக்கத்தால தொடுகிற வாரிப்பல்லு அதை இயக்கிற வாய்ப்புக் குறைவு. அப்படியும் வெடிச்சால், நீளப் பிடி ஆளை எட்ட வைச்சிருக்கும். முகக்கவசமும் மேலங்கியும் மிச்சத்தைத் தாங்கும். எங்கட மணல் கலந்த மண்ணுக்கு இது நல்லாய்ப் பொருந்தினது.

வாரி தொடுகிறதுக்கு முதல் பத்தையை எடுக்கவேணும். அதுதான் நேரம் தின்னுற வேலை. காட்டுக்கத்தியை வீசி வெட்ட அங்கே இடமில்லை. வீச்சில அறுந்து விழுகிற கிளை இழுவைக்கம்பியில படலாம், நிலத்திலயும் விழலாம். முதலில கம்பி இருக்கா எண்டு மெல்லிய தடியால தொட்டுப் பார்க்கவேணும். பிறகு கிளை வெட்டும் கத்தரியாலயும் சின்ன வாளாலயும், மேலிருந்து கீழாய், ஒரு கை பிடிச்சிருக்க மறு கை வெட்ட, துண்டு துண்டாய் எடுத்துப் பின்னுக்கு வைக்கவேணும். ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலப் பாதை. அதுக்குக் குறுக்கே ஒரு தடி, அந்தத் தடிக்கு அங்கால கால் வைக்கக் கூடாது. தடி முன்னேறுகிற தூரம்தான் பாதை முன்னேறுகிற தூரம்.

இந்த வேலையில பெண்கள் பெருமளவில இருந்தார்கள், இருக்கிறார்கள். போரில கணவரை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியாய்ச் சுமக்கிறவர்கள். 2002 இல இருந்து ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற அமைப்புகள் இங்க வேலை செய்து வருகின்றன, இராணுவத்தின் பிரிவும் செய்தது, இயந்திரங்களும் பாவிக்கப்பட்டன. எண்டாலும் குந்தியிருந்து வெட்டினதும் வாரினதும் இந்த மண்ணின் ஆக்கள். இலங்கை 2017 டிசம்பரில ஒட்டாவா உடன்படிக்கையில இணைஞ்சபோது, 2028 ஜூனுக்குள்ள புதைச்ச வெடிகளை அகற்றி முடிக்கிற கடமை வந்தது. அந்தத் திகதி காகிதத்தில எழுதப்பட்டது. அதை நோக்கி ஒவ்வொரு தடி அகலமாய் நகர்ந்தது பளை வெயில்ல நிற்கிற ஒரு பெண்ணின் கை.

வாரி பாதைக் கருவியாய் மாறினது எங்கட ஊரில மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில 1905 இல, மல்கம் மக்லியொட் எண்ட வனக்காவலர், ஒரு பக்கம் வாரியும் மறுபக்கம் மண்வெட்டியுமாய் ஒரு கருவியை உருவாக்கினார். காட்டுத்தீயை மறிக்கச் செய்தது, இப்ப காட்டுப்பாதைகளைப் பராமரிக்கிறவர்களின் கையில இருக்கு. அங்கே 1964 இல வந்த வனாந்தரச் சட்டம், பாதுகாக்கப்பட்ட காடுகளில இயந்திரக் கருவிகளைத் தடுத்தது. அதனால, இரண்டு பேர் இழுக்கிற பழைய பெருவாளால விழுந்த மரம் அரிகிறவர்கள் இண்டைக்கும் அங்க இருக்கிறார்கள். அந்தக் கருவிக்கு உருவாக்கினவரின் பெயரே நிலைச்சுவிட்டது. வன்னியில முதல் வாரி பிடிச்சவரின் பெயரை நாங்கள் எந்தப் புத்தகத்திலயும் படிக்கேல்லை.

பெக்கோவா, கையா?

1990 இல வலிகாமம் வடக்கில இருந்து சனம் வெளியேற்றப்பட்டது. காணிகள் போருக்குப் பிறகு துண்டு துண்டாய் விடப்பட்டன, மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில. திரும்பிப் போனவர்கள் கண்டது பத்தையை. எது எங்கட காணி, எது ஒழுங்கை, எது கோயில் வீதி எண்டு தெரியாத பத்தை.

அந்த இடத்தில பெக்கோ கொண்டுவந்து தள்ளினது விளங்கிக்கொள்ளக்கூடியது. முப்பது வருசம் முகாமிலயும் வாடகை வீட்டிலயும் இருந்த குடும்பத்தைக் கையால வெட்டச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் இயந்திரம் தள்ளும்போது பத்தையோட சேர்ந்து என்ன போகுது எண்டும் சொல்லவேணும். எல்லைக்கல்லு, வேலிக்கதியால் வரிசை, வீட்டின் அத்திவாரம், துலாக்கால், நாச்சார் வீட்டின் முற்றம் இருந்த மட்டம். பூவரசு வரிசையாய் நிண்டால் அது வேலி. வரிசை முடிகிற இடம் படலை. இதைக் கையால வெட்டிக்கொண்டு போறவர் வாசிப்பார். பெக்கோவின் வாளி வாசிக்காது. கட்டில்லாத கிணறு ஒண்டு பத்தைக்குள்ள மறைஞ்சு கிடந்தால், அதையும் மெதுவாய் வெட்டிக்கொண்டு போறவர்தான் விழ முதல் காண்பார்.

ஒழுங்கைக்கும் இது பொருந்தும். ஒழுங்கை எவரின் உறுதியிலயும் இல்லாத, எல்லாரின் காலிலயும் இருக்கிற நிலம். இரண்டு பக்கமும் தள்ளி மட்டப்படுத்தினால், அடுத்த வருசம் புது மதில் ஒண்டு அதுக்குள்ள வந்து நிற்கும். எந்தச் சாதிக் குடியிருப்புக்கு எந்த ஒழுங்கை போனது, எந்த ஒழுங்கை கோயிலைச் சுற்றிப் போனது எண்ட தடயமும் சேர்ந்து போகும். சமத்துவத்தைப் பற்றிக் கதைக்கிற எங்களுக்கு அந்தத் தடயம் தேவை.

சரி, என்னத்தைக் கொண்டுபோறது?

முதலாவது, கருவிக்கு முதல் விசாரணை. சிவப்பில மண்டையோடு போட்ட பலகை இருக்கிற இடத்துக்கும், முன்னரங்காய் இருந்து இன்னும் கையளிக்கப்படாத நிலத்துக்கும் போகவே கூடாது. துப்புரவான இடம் எண்டாலும் கிராம அலுவலரிட்டயும் ஊராக்களிட்டயும் கேட்டுத்தான் போகவேணும். சந்தேகமாய் ஏதும் கண்டால் தொடாமல், வந்த அடியிலயே திரும்பி, பொலிசுக்கு அறிவிக்கவேணும்.

இரண்டாவது, தூக்கக் கூடியதை மட்டும். நான்கு பேர் போனால் ஒரு காட்டுக்கத்தி, ஒரு கொக்கச்சத்தகம், இழுத்து அரிகிற மடக்குவாள் இரண்டு, கிளை வெட்டும் கத்தரி ஒண்டு, ஒரு சின்ன வாரி, தோல் கையுறை, ஒரு அரம். கோடாலி ஒண்டு போதும், அதுவும் பழகினவரின் கையில. கத்தி வீசுறவருக்கும் மற்றவருக்கும் இடையில இரண்டு ஆள் நீளமாவது இருக்கட்டும். கிளையை அரியும்போது முதலில கீழ்ப்பக்கம் கொஞ்சம் அரிஞ்சு, பிறகு மேலிருந்து அரிஞ்சால் பட்டை கிழியாது, வாளும் இறுகாது. பட்டை கிழிஞ்ச வேம்பு அழுகும்.

சங்கிலிவாள் வேண்டாம் எண்டு சொல்லுறதுக்குக் காரணம், அந்தச் சத்தத்துக்குள்ள ஆள் கூப்பிடுறது கேட்காது. எரிபொருளும் சுமக்கவேணும். ஒழுங்கையில கிடக்கிற பெரும்பாலான தண்டுகள் மடக்குவாளுக்கே அடங்கும்.

மூன்றாவது, எழுதிக்கொண்டு வெட்டுறது. ஒருவர் கொப்பியோடயும் கமராவோடயும் பின்னால வரட்டும். எந்த மரம் வரிசையாய் நிண்டது, எங்கே கல்லு தட்டுப்பட்டது, ஊரில அந்த இடத்துக்கு என்ன பெயர், அந்த ஒழுங்கையால யார் நடக்க விடப்பட்டார்கள், யார் விடப்படேல்லை. அந்தக் கொப்பியில, அண்டைக்குக் கத்தி பிடிச்ச ஊராக்களின் பெயர்களையும், அவர்கள் சம்மதிச்சால், எழுதிவையுங்கள். 1848 இன் 6 நாள்காரருக்கும் வன்னியின் வாரிக்காரருக்கும் நாங்கள் செய்யத் தவறினது அதுதான். இனிமேல் திறக்கிற ஒழுங்கைகளுக்காவது அது நடக்கட்டும்.